பனிக்குள் பழுத்த தக்காளி

கேமரன் மலையில் தக்காளித் தோட்டக்காரர் மகளாகப் பிறந்தவள் நான். ஐஸ்லாந்துக்குப் போயும் தக்காளி பார்க்கப் போவேன் என்று நினைக்கவே இல்லை.

கடந்த ஜனவரியில் அலுவலகத் தோழிகள் மூவருடன் போனேன். தலைநகர் ரெய்க்யாவிக்கில் முதல் நாள் குளிக்கக் குழாயைத் திறந்ததும் அவித்த முட்டை வாசம் அடித்தது. பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரில் கந்தக வாசம் இருக்கத்தான் செய்யும் என்றார்கள். அந்த நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகள் நிலத்தடி வெப்பத்தால்தான் குளிர் காய்கின்றன.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காரில் புறப்பட்டபோது இன்னும் இருட்டு. அங்கே ஜனவரியில் பதினொரு மணிக்குத்தான் சூரியன் எட்டிப்பார்க்கிறது. சாலையின் இரு பக்கமும் பனி. ஒன்றரை மணி நேரம் போனதும், தூரத்தில் வெள்ளை நிலத்துக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதுதான் ரெய்க்ஹோல்ட் கிராமம். விரல்விட்டு எண்ணக்கூடிய தெருக்கள், ஆவி பறக்கும் ஒரு வெந்நீர் ஊற்று, வரிசையாகக் கண்ணாடிக் குடில்கள். ஊர்ப் பெயரில் உள்ள 'ரெய்க்' என்ற சொல்லுக்கே புகை, ஆவி என்றுதான் பொருள்.

ஃபிரித்ஹெய்மார் என்ற பண்ணைக்குள் நுழைந்ததும் என் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. கண் தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. தக்காளிச் செடியின் இலை வாசம்! எங்கள் அப்பாவின் சட்டை வாசம்.

1995-இல் ஓர் இளம் தம்பதி வாங்கி வளர்த்த பண்ணை அது. பக்கத்திலேயே துளையிட்டு எடுக்கும் வெந்நீர், ஏறக்குறைய 95 பாகை சூட்டில் குழாய் வழியாகக் குடிலுக்குள் ஓடுகிறது. அந்தச் சூட்டில் வெளியே பனி கொட்டினாலும் உள்ளே செடிக்குக் குளிர் தெரிவதில்லை. வெயில் இல்லாத குறைக்கு விளக்குகள். ஆண்டு முழுவதும் அறுவடை. ஐஸ்லாந்தில் 1924 முதலே இப்படிக் குடில்களுக்கு நிலத்தடிச் சூட்டைப் பயன்படுத்தி வருகிறார்கள்.

யோசித்தால் வேடிக்கையாக இருந்தது. வெப்ப நாடான மலேசியாவில், மலைமேல் குளிர் இருப்பதால் நாங்கள் தக்காளி போடுகிறோம். மழை படாமலிருக்கப் பிளாஸ்டிக் கூரை கட்டுகிறோம். குளிர் நாட்டில் இவர்கள், மண்ணுக்கடியில் சூடு இருப்பதால் போடுகிறார்கள். அந்தச் சூடு வெளியேறாமலிருக்கக் கண்ணாடி கட்டுகிறார்கள்.

செடிகளுக்கு நடுவிலேயே மேசை போட்டிருந்தார்கள். தக்காளி சூப்பும் ரொட்டியும் வந்தன. மேசைமேல் துளசி போன்ற பேசில் செடி ஒரு தொட்டியில் இருந்தது. வேண்டிய இலையை நாமே கத்தரித்துப் போட்டுக்கொள்ளலாம். அப்போது தலைக்குமேல் ரீங்காரம். உருண்டையாக, உடம்பெல்லாம் ரோமமாக ஒரு பம்பிள்பீ. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கிறது, மகரந்தம் உதிர்கிறது, காய் பிடிக்கிறது. அதற்காகவே பெட்டிகளில் வைத்து வளர்க்கிறார்கள்.

எனக்குச் சூப் இறங்கவில்லை. ரிங்லெட்டில் அப்பா தினமும் காலையில் ஒரு குச்சியோடு போய், செடி கட்டிய கம்பியை மெல்லத் தட்டிக்கொண்டே நடப்பார். பூ அதிர வேண்டும் என்பதற்காக. சின்ன வயதில் அந்தச் சத்தத்தில்தான் நான் கண்விழிப்பேன். இப்போது அவருக்கு 67 வயது, முட்டி வலி. போன தீபாவளிக்குத்தான், "இந்தத் தோட்டத்தைக் கட்டிக்கிட்டு என்னத்தக் கண்டீங்க? யாருக்காவது விட்டுட்டு கோலாலம்பூருக்கு வந்திடுங்க" என்று சத்தம் போட்டிருந்தேன். அவர் பதில் பேசாமல் எழுந்து போய்விட்டார். அதன்பிறகு தொலைபேசியில் "சாப்பிட்டியா" என்பதற்குமேல் பேச்சில்லை.

மலேசியாவில் இரவு ஒன்பது மணி இருக்கும். வீடியோ அழைப்பு போட்டேன். கேமராவைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"என்னம்மா அது, வண்டா?"

"நீங்க குச்சியால தட்டுற வேலைய இது செய்யுதுப்பா."

சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "பரவால்ல, அதுக்கு முட்டி வலிக்காது" என்று சிரித்தார். பிறகு கேள்விமேல் கேள்வி. கயிறு எப்படிக் கட்டியிருக்கிறார்கள், கீழ் இலையைக் கிள்ளுகிறார்களா, ஒரு கொத்தில் எத்தனை காய்? செடி செடியாக நடந்து காட்டினேன். தோழிகள் காரில் காத்திருந்தார்கள். அப்பா அவ்வளவு நேரம் என்னிடம் பேசிப் பல வருடம் ஆகியிருக்கும்.

தோட்டத்தை என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவர் முட்டி வலியும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால், "விட்டுட்டு வாங்க" என்று நான் சொல்வதில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரிங்லெட்டுக்குப் போகிறேன். காலையில் குச்சியை நான் எடுத்துக்கொள்கிறேன். அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, "மெதுவா தட்டும்மா, பூ உதிர்ந்திடப் போகுது" என்கிறார்.