பேத்தி முகம் காட்டிய ஊர்

"எஸ்டோனியாவுக்குப் போகிறேன்" என்று சொன்னதும் எங்கள் தெருவில் பாதிப் பேர், "அது எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டார்கள். எனக்கு மட்டும் தெரியுமா என்ன! தங்கை அங்கே குடியேறிய பிறகுதான் மகனுடைய பள்ளிக்கூட அட்லஸைப் பிரித்துத் தேடினேன். ஐரோப்பாவின் வடக்கு ஓரத்தில், பின்லாந்துக்குக் கீழே, கடலோரமாக ஒரு குட்டி நாடு. மொத்த ஜனத்தொகையே சுமார் 13 லட்சம்தான். எங்கள் மதுரையும் சுற்றுவட்டாரமும் சேர்ந்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும்.

2025 ஜனவரியில், தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்குத் துணையாக, லேகியம், சுக்கு, பூண்டு, மிளகு சகிதம் அதன் தலைநகர் டாலினில் போய் இறங்கினேன். அம்மா இருந்திருந்தால் அவள்தான் போயிருப்பாள். 2017இல் மூத்த பேத்தி பிறந்தபோது முழங்கால் வலியால் அம்மாவால் கிளம்ப முடியவில்லை. தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஸ்கைப்பில் குழந்தையைப் பார்ப்பாள். திரையைத் தடவித் தடவிக் கொஞ்சுவாள். 2020இல் கண்ணை மூடும்வரை அந்தக் குழந்தையை மடியில் போட்டுக்கொள்ளும் பாக்கியம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஒருநாள் தங்கை வீட்டுக்காரர் காரில் போகும்போது முஸ்டமாய் என்ற பகுதியைக் காட்டி, "மதினி, அத்தை பேத்தியைப் பார்த்தாங்களே, அந்த ஸ்கைப்பை உருவாக்கினவங்க இங்கதான் வேலை பார்த்தாங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2003இல் ஸ்கைப்பைத் தொடங்கியவர்கள் ஒரு ஸ்வீடன்காரரும் ஒரு டென்மார்க்காரரும். ஆனால் அதன் புரோகிராமை எழுதியவர்கள் ஆஹ்தி ஹெய்ன்லா, பிரீட் கசெசாலு, யான் டாலின் என்ற எஸ்டோனிய இளைஞர்களாம்.

இத்தனை சின்ன ஊருக்கு இது எப்படிச் சாத்தியம் என்று கேட்டேன். சோவியத் ஆட்சியிலிருந்து 1991இல் விடுபட்டபோது அவர்கள் கையில் பெரிய பணம் எதுவும் இல்லை. 1996இல் 'புலிப் பாய்ச்சல்' என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். முதலில் கை வைத்தது பள்ளிக்கூடத்தில்தான்! சில வருஷங்களில் பள்ளிகளுக்கெல்லாம் கம்ப்யூட்டரும் இணையத் தொடர்பும் போய்ச் சேர்ந்தன. பிள்ளைகள் கற்றால் போதுமா, பெரியவர்கள்? 2002 முதல் 2004 வரை, ஏறக்குறைய ஒரு லட்சம் பெரியவர்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளி இறுதி வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு இதைக் கேட்டுக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்தப் படிப்பு வீட்டுக்கு எப்படிப் பயன்படுகிறது என்பதைக் குழந்தை பிறந்து மூன்றாம் வாரம் கண்ணாரக் கண்டேன். தங்கைக்குப் பால் கட்டிக்கொண்டு நல்ல காய்ச்சல். டாக்டரைப் பார்க்கப் போனவள் வெறுங்கையோடு திரும்பினாள்.

"மருந்துச் சீட்டு எங்கேடி?"

"சீட்டெல்லாம் கிடையாதுக்கா. பாலை நிறுத்தாம கொடுக்கச் சொன்னாங்க. மருந்தைக் கம்ப்யூட்டர்ல எழுதிட்டாங்க."

மருந்துக்கடையில் அடையாள அட்டையைச் சொருகியதும் கடைக்காரப் பெண் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். 2010 முதல் அங்கே இப்படித்தானாம். அதே டாலின் பழைய நகரத்தில், 1422ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே இடம்பெற்ற ஒரு மருந்துக்கடையும் இருக்கிறது. பழையதைப் போற்றிக்கொண்டே புதியதைப் பழகிக்கொண்டார்கள்.

எனக்கு அம்மாவின் மஞ்சள் பைதான் ஞாபகம் வந்தது. ரிப்போர்ட்டுகளையெல்லாம் அதில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். ஓர் ஆஸ்பத்திரியில் பாதிக் காகிதம் காணாமல் போய், அந்த மெலிந்த கையில் மறுபடி ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். அவள் முகம் சுளித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"நம்ம உடம்பு விஷயத்தைக் கண்டவங்களும் பார்த்துடுவாங்களே?" என்று கேட்டேன். தங்கை போனைத் திறந்து காட்டினாள். அவளுடைய மருத்துவக் குறிப்பை யார், எந்தத் தேதியில் பார்த்தார்கள் என்று வரிசையாக இருந்தது. காரணமில்லாமல் எட்டிப் பார்த்தால் டாக்டரானாலும் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுத்தாலும், யார் வந்து போனார்கள் என்று நமக்குத் தெரிகிற மாதிரி!

எல்லாம் சுகமாகவே நடந்துவிடவில்லை. 2007இல் இணையத் தாக்குதலில் வங்கிகள், பத்திரிகைகள், அரசுத் தளங்கள் எல்லாம் தடுமாறின. 2017இல் சுமார் ஏழரை லட்சம் அடையாள அட்டைகளில் பாதுகாப்புக் குறை இருப்பது தெரிந்தது. மூடி மறைக்காமல் ஜனங்களிடம் சொல்லிச் சரிசெய்தார்கள்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. அங்கே ஒருவர் முன்னேறினால் அடுத்தவருக்கும் கை கொடுக்கிறார். ஸ்கைப்பில் சம்பாதித்தவர்கள் புதிய கம்பெனிகளுக்குப் பணம் போட்டார்கள். லண்டனில் இருந்த எஸ்டோனிய நண்பர்கள் இருவரில் ஒருவருக்கு யூரோவில் சம்பளம், மற்றவருக்குப் பவுண்டில் சம்பளம். ஊரில் வீட்டுக் கடன் கட்ட இவருக்கு யூரோ வேண்டும், லண்டன் செலவுக்கு அவருக்குப் பவுண்டு வேண்டும். வங்கிக்குக் கட்டணம் அழாமல் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவோமே, அதேதான்! அதிலிருந்து 2011இல் பிறந்தது 'வைஸ்'. 2013இல் 19 வயதுப் பையன் ஒருவன் பெற்றோரிடம் 5,000 யூரோ கடன் வாங்கித் தொடங்கிய டாக்சி சேவைதான் இன்றைய 'போல்ட்'.

தெருவில் சாமான் கொண்டுவரும் ஆறு சக்கர வெள்ளை வண்டிகளையும் பார்த்தேன். ஆள் கிடையாது, தானே ஓடும். ஒருநாள் அதில் ஒன்று பனியில் சிக்கி முழித்தது. அந்தப் பக்கம் போன ஒரு பாட்டி கைத்தடியை ஊன்றிக்கொண்டு, காலால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போனாள். எங்கள் தெருவில் ஆட்டோ நின்றுவிட்டால் தள்ளிவிடுகிற மாதிரியே!

நான் அங்கே இருந்தபோதே, பிப்ரவரி 28ஆம் தேதி, ஸ்கைப்பை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. தங்கை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அம்மா அதுலதானேக்கா இருந்தா" என்றாள். மே 5ஆம் தேதி அது நின்றும் போனது.

ஊருக்கு வந்ததும் மகனிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, மாமனாரின் ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, தேதிவாரியாகப் போனில் சேர்த்து வைத்தேன். அரை நாள் வேலைதான். வீட்டில் பெரியவர்கள் இருக்கும் சகோதரிகளே, நீங்களும் செய்து பாருங்கள். அந்த மஞ்சள் பையை மட்டும் மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன்.