சொல்லிசை வல்லவர்

ராப் என்றதும் நம் பெரியோரிற் பலர் முகஞ் சுளிக்கின்றனர். அது பாட்டன்று, வெறும் பிதற்றல் என்பது அவர்கள் கட்சி. ராகமும் ஆலாபனையுமே சங்கீதமென்று பயின்ற சபையோர் அங்ஙனங் கூறுவதில் வியப்பில்லை. ஆனால் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இருவர் பிரிந்து நின்று, விடியுமட்டும் சொல்லுக்குச் சொல் மோதும் லாவணியைப் பெற்ற தமிழகத்தினின்று வந்தவரின் வழித்தோன்றல்களும் அவ்வாறே கூறுவதுதான் விந்தை. எதிராளியை மடக்கும் எதுகை, கொட்டோடு ஒத்தோடும் சந்தம், தன் திறத்தைத் தானே முழக்குதல் ஆகிய இவற்றுள் நமக்குப் புதியது யாது?

இக்கலை 1973-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஏழைக் கறுப்பினத்தாரிடையே வேர்விட்டது. இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிச் சுழற்றி, தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை நீட்டி, அதன்மேற் சொல்லை ஏற்றினர். தமிழ்ப் படவுலகில் 1994-இல் 'காதலன்' படத்துப் 'பேட்டை ராப்' வந்ததுண்டு. எனினும் அது படத்தின் தேவைக்கென எழுந்து அதனோடு நின்றது. சொல்லிசையைத் தமிழில் ஒரு வாழ்நாட் கலையாகக் கொண்டோருள் முன் நிற்பவர் சென்னைவாசியல்லர். யோகி பி என்று அறியப்படும் நம் கோலாலம்பூர் யோகேஸ்வரன்.

அவரும் தோழரும் அமைத்த 'பொயட்டிக் அம்மோ' குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1998-இல் வெளிவந்தது. அதில் ஆங்கிலமே தலைமை வகித்தது. பிறமொழிகள் பின்னே வந்தன. இதிற் குற்றங் காண்பதற்கில்லை. மேலாளரிடம் ஆங்கிலத்திலும், வெளிநாட்டுத் தொழிலாளரிடம் மலாயிலும், வீட்டில் தமிழிலும் பேசும் என் போன்ற கிராணிக்கு மும்மொழியும் மூன்று சட்டைகள். எச்சட்டையணிந்து சபையேறுவது என்பதே கேள்வி.

2006-இல் நட்சத்ரா குழுவினருடன் அவர் வெளியிட்ட 'வல்லவன்' அக்கேள்விக்கு விடையிறுத்தது. தமிழ் முன்னே வந்து நின்றது. யான் அப்போது ஆங்கிலப் பயிற்சியிலேயே ஊறிய பள்ளி மாணவன். 'எஸ்டேட்' என்னும் ஒரு சொல்லே எங்களிடை வசைமொழியாக வழங்கிய காலம். தமிழைத் தாழ்ந்த குரலிற் பேசுவதே நாகரிகமென்றிருந்தோம். அத்தகைய பிள்ளைகள் பேருந்தில் அமர்ந்து, உரத்த குரலில், மூச்சு விடாமல் தமிழ் அடிகளை ஒப்பிக்கலாயினர்! பத்து மேடைப் பிரசங்கங்கள் செய்யாததை ஒரு குறுந்தட்டு செய்தது.

அத்தொகுப்பிற் பெரும்புகழ் பெற்றது 'மடை திறந்து'. 1980-இல் 'நிழல்கள்' படத்திற்கு இளையராஜா அமைத்த பாடலின்மேல் எழுந்தது அது. மூலப்பாடலோ, வாய்ப்புத் தேடும் இளைஞனொருவன் தான் இசையமைப்பாளனாவதாகக் காணும் கனவு. அக்கனவை இரவலாகப் பெறுதற்கு, கடல்கடந்த நாட்டில் வாய்ப்பற்றிருந்த இளைஞரினும் உரிமையுடையார் யாவர்? இரவல் மெட்டு என்று இழித்துரைப்போர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

பின்னர்ச் சினிமா அழைத்தது. 2007-இல் 'பொல்லாதவன்', 2011-இல் 'ஆடுகளம்', 2017-இல் 'விவேகம்', 2018-இல் 'காலா'. நம்மவரிற் சிலர் அதன் பின்னரே அவரைக் கலைஞரென ஒப்புக்கொண்டனர். சென்னையின் முத்திரை விழுந்தாலன்றி நம் வீட்டுப் பண்டத்தை நாமே விலைமதியோம்! இவ்வடிமைப் புத்தி என்று ஒழியுமோ அறியேன். என் மட்டில், படப்பாடல்களிற் பல அவரைக் கதாநாயகனின் பல்லக்குக்கு முன் கட்டியங் கூறுவோராக்கின என்பேன். 'விவேகம்' அவ்வகையே.

'காலா' வேறு. அதிலும் கதாநாயகர் ரஜினிகாந்த்தான், மறுக்கவில்லை. ஆயினும் தாராவி ஏழைகளின் நிலவுரிமை பேசும் அப்படத்தில் இக்குரல் கேட்டபோது, அது தன் இடத்திற்கு வந்துவிட்டதென்று தோன்றிற்று. ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனையும் வீட்டுமனையும் எழுந்தபோது, தலைமுறைகள் உழைத்தும் ஒரு சாண் மண் சொந்தமின்றி, லயத்தை விட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளிற் குடியேறியவர் நம்மவர். அவர்களுக்குத் தாராவி யாதென்று விளக்க வேண்டியதில்லை. படக்காரர் எவரையும் எதிர்பாராது, அக்கதை ஒன்றையே பொருளாகக் கொண்டு அவர் ஒரு முழுத் தொகுப்பு இயற்றுவாராயின், முதற் பிரதியை வாங்கப் பிரிக்பீல்ட்ஸ் கடைவாயிலில் யான் விடியலிலேயே நிற்பேன்.