நீ ஒளித்து வைத்த சுவர்

அடியே குண்டூசி,

நலம், நலமறிய அவா என்றெல்லாம் எழுதப் போவதில்லை. உன் நலம்தான் வாட்ஸப் ஸ்டேட்டஸில் தினமும் புடவை கட்டிக்கொண்டு வருகிறதே. அந்த மாம்பழ மஞ்சள் உனக்கு எடுக்கவில்லை, சொல்லிவிட்டேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ பாதியில் குறுக்கே விழுந்து கதையை உன் பக்கம் இழுத்துக்கொள்வாய். கடிதமென்றால் முடிகிற வரைக்கும் நீ வாயைத் திறக்க முடியாது.

போன வாரம் பீரோவை ஒழித்தேன். நாத்தனார் வருகிறாள் என்றால் பீரோவின் உள்பக்கத்தைக்கூடத் துடைப்பவள் நான், தெரியுமே. கல்யாண ஆல்பத்துக்கு அடியில் ஒரு கறுப்பு ஃபிளாப்பி. அதன் மேல் உன் கோணல் கையெழுத்தில் ‘கோபால்’. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “யார் இந்தக் கோபால்?” என்றார். முப்பது வருஷம் பொறுத்து ஒரு மனுஷருக்கு சந்தேகம் வர வைத்த பெருமை உன்னையே சேரும். அது கம்ப்யூட்டர் மொழி, கோபால் அசைன்மென்ட் என்று விளக்கினேன். நம்பின மாதிரி தலையாட்டினார். ரிச்சி தெருவில் யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்றை அவரே வாங்கி வந்துவிட்டார் என்பதிலிருந்து எவ்வளவு நம்பினார் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

திறந்து பார்த்தால் கோபாலும் இல்லை, அசைன்மென்டும் இல்லை. ஒரே ஒரு ஃபைல். ஊசி.எல்எம்பி. அளவு 50,834 பைட். தேதி 1996.

எனக்குக் கை சில்லிட்டுப் போயிற்று. திருச்சியில் அந்த மாடி கம்ப்யூட்டர் சென்டர், சாயங்கால பேட்ச், கலர் மானிட்டர் இருந்த அந்த ஒரே 486. நீ ‘டூம்’ ஆட, நான் வாசலில் சாரின் செருப்புச் சத்தத்துக்குக் காவல். மூன்றாவது லெவலிலிருந்து எல்லோரும் நாலாவதுக்குப் போவார்கள். நீ மட்டும் ஒன்பதாவதுக்குப் போனாய். எப்படியடி என்று கேட்டதற்கு, “சுவருக்குள்ளே வழி இருக்கு, கண் இருக்கறவங்களுக்குத் தெரியும்” என்றாய். படிப்பு முடிந்தது, உனக்குக் கல்யாணம் ஆயிற்று, பேரன் வரப் போகிறான். அந்த வழியை மட்டும் நீ சொல்லவில்லை. “ஒருநாள் பதிவு பண்ணித் தரேன்” என்றாய். பண்ணித்தான் தந்திருக்கிறாய். நான்தான் அதை கோபால் என்று நினைத்து ஆல்பத்துக்கு அடியில் போட்டுவிட்டேன்.

சரி, இப்போது இருக்கிற கம்ப்யூட்டரில் அந்தக் காலத்து விளையாட்டை எழுப்புவது எப்படி? அக்கா மகனைக் கூப்பிட்டேன். “சித்தி, ஜீஸீடூம் போட்டுக்கோங்க” என்றான். அதென்னவென்றால், பழைய டூமின் இயந்திரத்தை இந்தக் காலத்துக்குத் தகுந்த மாதிரி பிரித்துக் கட்டியது. 1997-ம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், டூமுக்கு நிரல் எழுதிய ஜான் கார்மாக் அதன் மூல நிரலை எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டார். அதிலும் ஒரு வேடிக்கை. டாஸ் பதிப்பில் சத்தத்தைக் கவனித்துக்கொண்ட பகுதி வெளியாளிடம் உரிமம் வாங்கியது. அதைக் கொடுக்க முடியாது என்பதால் லினக்ஸ் பதிப்பின் நிரல்தான் வெளியே வந்தது. அதை வைத்துக்கொண்டு ஊர் உலகத்தில் இருக்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு எஞ்சின் செய்துவிட்டார்கள்.

எஞ்சின்தான் இனாம், படமும் லெவலும் பாட்டும் இனாமில்லை. இது தெரியாமல் நான் பட்ட பாட்டைக் கேள். ஜிப்பை இறக்கினேன், விரித்தேன், இரண்டு தட்டு தட்டினேன். விளையாட்டின் ஃபைலைக் காணோம், நீ ஒழுங்காகத்தான் நிறுவினாயா என்று கேட்கிறது! என் மாமியார்கூட என்னை அப்படிக் கேட்டதில்லை. அடுப்பை வாங்கி வந்து பற்ற வைத்துவிட்டு, அரிசி இல்லாமல் நின்றேன். அந்த அரிசிக்குப் பெயர் ‘வாட்’ ஃபைல். ‘எல்லா டேட்டாவும் எங்கே?’ என்ற ஆங்கிலக் கேள்வியின் முதல் எழுத்துகளைக் கோத்து வைத்த பெயராம். கேள்வி கேட்டே பெயர் வைத்திருக்கிறார்கள், பதிலை நாம் தேட வேண்டியதுதான். முதல் ஒன்பது லெவல் மட்டும் அன்றைக்கே இலவசமாக விட்டது, அந்த டூம்1.வாட் நாலு எம்பிதான். நமக்கு அதுவே போதும், லேபில் இருந்ததும் அதுதானே. அதை இறக்கி ஃபோல்டரில் வைத்தேன். மறுபடியும் அதே கேள்வி. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்தது, ஃபோல்டருக்குள் இருந்த ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறேன். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வைத்ததும் சொன்ன பேச்சைக் கேட்டது.

ஏறினதும் அக்கா மகன் மௌஸைப் பிடுங்கிக்கொண்டான். படங்களை வழவழவென்று மெழுகினான், விளக்குகளுக்கு ஒளிவட்டம் போட்டான், மூலைகளுக்கு நிழல் பூசினான். அண்ணாந்து பார்க்கிறான், குனிந்து பார்க்கிறான், ஏற முடியாத திட்டிலெல்லாம் தாவி ஏறுகிறான். நம் காலத்தில் தாவ ஏதடி வழி? தலையை நிமிர்த்தக்கூட முடியாதே. மேலே பேய் நின்றாலும் நேராகச் சுட்டால் குண்டு தானாக ஏறிப் போய்ப் படும். அந்தப் பரந்த மனசு எனக்குப் பிடித்திருந்தது. அவன் விட்டுப் போனதும் ஒவ்வொன்றாக அணைத்தேன். மெழுகினதை எடுத்ததும் சுவரெல்லாம் கட்டம் கட்டமாக, நம் ஊர்ச் சிமெண்டு ஜாலி மாதிரி திரும்பி வந்தது. 320-க்கு 200 புள்ளியில் வரைந்தது அப்படித்தான் இருக்கும், இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் அணைக்கவில்லை. பாட்டு. நம் லேபில் சவுண்டு கார்டு ஏது? பிசி ஸ்பீக்கரின் கீச் கீச் மட்டும்தான், அதில் பாட்டு வராது. டூமுக்குப் பாட்டு இருக்கிறது என்பதே எனக்குப் போன செவ்வாய்க்கிழமைதான் தெரியும்! பாபி பிரின்ஸ் போட்டது. முதல் லெவலில் கிடார் கடகடவென்று கிளம்பியதும் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த கரண்டியோடு ஓடி வந்தேன். அப்புறம் அந்தப் பழுப்பு முள் குட்டிச்சாத்தான் இருக்கிறதே, நெருப்பு உருண்டை எறியுமே, அதன் குரல் ஒட்டகத்தின் குரலாம்! ரெடிமேடாக விற்கும் சத்தத் தொகுப்பிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

டூமைச் செய்த கம்பெனியின் கதையைத் தோண்டினால் நம் தெருக்கதை தோற்றது போ. டெக்ஸாஸில் மெஸ்கீட் என்ற ஊர், கறுப்புக் கண்ணாடிக் கட்டடம், கதவு எண் 666. நரகத்தைப் பற்றி விளையாட்டுச் செய்கிறவர்களுக்கு அந்த எண்தான் வேண்டுமாம். அங்கே கார்மாக் என்று இரண்டு பேர். நிரல் எழுதிய ஜான், படம் வரைந்த ஏட்ரியன். அண்ணன் தம்பி என்றுதானே நினைப்பாய்? ஒட்டும் இல்லை உறவும் இல்லை. துப்பாக்கிகளெல்லாம் பொம்மைக் கடையில் வாங்கினவை, படம் பிடித்துத் திருத்தியிருக்கிறார்கள். அந்த மரம் அறுக்கிற ரம்பம் மட்டும் நிஜம். டாம் ஹால் என்பவர் தன் காதலியிடமிருந்து இரவல் வாங்கி வந்தது. அந்த டாம் ஹால்தான் விளையாட்டுக்கு நீளமாகக் கதை எழுதினார். கதை யாருக்கய்யா வேண்டும் என்று ஆகி, டூம் வெளிவரும் முன்பே அவரை அனுப்பிவிட்டார்கள். ரம்பம் தங்கிவிட்டது, ஆள் போய்விட்டார். 1993 டிசம்பர் 10, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சர்வரில் ஏற்றப் போனால், வாங்குவதற்குக் காத்திருந்த கூட்டம் முட்டிக்கொண்டு நின்றதில் கொடுக்க வந்தவர்களாலேயே உள்ளே நுழைய முடியவில்லையாம். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் அர்ச்சகரே வரிசையில் மாட்டிக்கொண்ட மாதிரி.

உன் ஃபைலுக்கு வருகிறேன், பறக்காதே. ஜீஸீடூமிடம் கொடுத்தால் அது தொடவே மறுத்துவிட்டது. ஏன் என்று படித்ததில்தான் தலை சுற்றியது. உன் ஃபைலில் படமே இல்லையடி! வீடியோ இல்லை. ஒரு விநாடியை 35 துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் நீ முன்னே போனாயா, பக்கவாட்டில் நகர்ந்தாயா, திரும்பினாயா, சுட்டாயா என்று நாலே நாலு பைட். விநாடிக்கு 140 பைட். தலைப்புக்கு 13, முடிவுக்கு 1 கழித்துவிட்டு வகுத்தால் 363 விநாடி. ஆறு நிமிஷம் மூன்று விநாடி உன் விரல்கள் மட்டும். மிச்சத்தையெல்லாம் எஞ்சின் மறுபடியும் ஆடிக் காட்ட வேண்டும். பேய்கள் எந்தப் பக்கம் போகும் என்பதற்குக்கூட அதில் 256 எண்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு, வரிசையாக எடுத்துக்கொண்டே போகும். ஒரு எண் தப்பினால் போதும். அங்கே பேய் இடது பக்கம் போய்விடும், இங்கே நீ வலது பக்கம் சுவரைச் சுட்டுக்கொண்டு நிற்பாய். புதுசாக்குகிறேன் என்று எதையாவது திருத்தின எஞ்சினுக்கு உன் பதிவு புரியாது.

அதற்கென்றே ஒரு பிடிவாதக்காரர்களின் எஞ்சின் இருக்கிறது, சாக்லேட் டூம். பழைய டாஸ் பதிப்பில் என்னென்ன கோளாறு இருந்ததோ அத்தனையும் மாறாமல் வேண்டும் என்பதுதான் அதன் கொள்கை. அளவுக்கு மீறினால் அன்று படுத்தது போலவே இன்றும் படுத்துக்கொள்ளும். அமைப்புப் பெட்டியில் பிசி ஸ்பீக்கர் என்றுகூட ஒன்று வைத்திருக்கிறார்கள்! அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். கறுப்பு ஜன்னலைத் திறந்து, -ஐவாட் டூம்1.வாட் -பிளேடெமோ ஊசி என்று அடித்தேன். குறுக்கு வழியும் இருந்தது. ஆட்டத்துக்குள் ஐடிகிளெவ்19 என்று தட்டினால் நேராக ஒன்பதாவது லெவலில் கொண்டுபோய் விட்டிருக்கும். தட்டவில்லை. நீயாகக் காட்ட வேண்டும்.

கீச். கதவு திறந்தது. நீ வந்தாய்.

நீயேதான். அம்புக் குறிகளை மட்டும் அழுத்தித் திரும்புகிற அந்த வெடுக். பீப்பாயைக் கண்டால் தேவையே இல்லாமல் ஒரு சுடு. மூலையில் திரும்பும் முன்னால் அரை விநாடி நின்று எட்டிப் பார்க்கிற பயம். இரண்டாவது நிமிஷத்தில் திடீரென்று திரையில் ‘பாஸ்’ என்று வந்து எல்லாம் நின்றது. கம்ப்யூட்டர் தொங்கிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. நீ அன்றைக்குப் பாஸ் பொத்தானை அழுத்தியிருக்கிறாய், அதுவும் பதிவாகியிருக்கிறது. ஆட்டம் நின்றபடியே கடந்த விநாடிகளும் பதிவாகியிருக்கின்றன. எண்ணினேன், 41 விநாடி. செருப்புச் சத்தம் என்று நான் சைகை காட்டியிருப்பேன், நீ மானிட்டரை அணைத்துவிட்டு கோபால் புத்தகத்தை விரித்திருப்பாய். சார் எட்டிப் பார்த்து, ஃபேனை நிறுத்துங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போகிற வரைக்கும் அந்தப் பேய்களும் கையைத் தூக்கினபடியே காத்திருக்கின்றன. நானும் சமையலறை ஸ்டூலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அப்புறம் சுவர். பச்சைக் குட்டை, அதைத் தாண்டி வழி. எத்தனை தடவை நான் அதன் பக்கத்திலேயே நடந்திருக்கிறேன்! உள்ளே போனாய், சுவிட்சைத் தட்டினாய், ஒன்பதாவது லெவல். அங்கே பத்தே விநாடி நின்று, ஒரு முழுச் சுற்று சுற்றி, பதிவை நிறுத்திவிட்டாய். பார்த்தாயா என்று என்னைக் கேட்ட மாதிரி இருந்தது. பார்த்தேன், போ.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. நெருப்பு உருண்டை நேராக மூஞ்சியில் பட்டும் உனக்கு உயிர் என்னவோ கொஞ்சம்தான் குறைந்தது. ஃபைலைப் பிரித்து, முதல் எண்களைப் பார்த்தேன். 109, 0, 1, 3. 109 என்றால் பதிப்பு 1.9. 1, 3 என்றால் முதல் பாகம், மூன்றாவது லெவல். நடுவில் இருக்கிற அந்த 0 என்ன தெரியுமா? ஆட்டத்தின் கடுமை. அல்ட்ரா வயலன்ஸ் என்றால் 3 இருக்க வேண்டும். 0 என்றால் ‘ஐ ஆம் டூ யங் டு டை’. குழந்தைப் பிள்ளைகளின் படி! அடி பாதி, குண்டு இரட்டிப்பு. “நான் அல்ட்ரா வயலன்ஸில்தான் ஆடுவேன், மத்ததெல்லாம் பச்சாக்களுக்கு” என்று பேட்ச் முழுக்க அளந்தாயே! அதை நம்பி உனக்கு எத்தனை சமோசா வாங்கிக் கொடுத்திருக்கிறேன்! சமோசாக் கணக்கை வட்டியோடு தீர்த்துவிடு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சுவரை ஊடுருவிப் போகிற மந்திரம் ஒன்று, ஐடிஎஸ்பிஐஎஸ்பிஓபிடி என்று. ‘பூசணிகளைப் போட்டு உடைத்து அழுகல் குவியலாக்குவது’ என்ற ஆங்கிலக் கிண்டலின் எழுத்துகளாம் அவை. அந்த மந்திரத்தை எழுதி வைத்திருந்த துண்டுச் சீட்டு அன்று உன்னிடம்தான் இருந்தது. எனக்குப் பூசணி என்று பெயர் வைத்தது அதற்கு முன்பா, பின்பா? உண்மையைச் சொல்.

ஃபைலை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். உன் ஓரகத்தி குரூப்பில் தினமும் போடுகிற ‘இனிய காலை’ ரோஜாப்பூவைவிடச் சின்னதுதான், 50 கேபி. உன் மாப்பிள்ளைதான் கம்ப்யூட்டர்க்காரர் ஆயிற்றே, சாக்லேட் டூமைப் போட்டுத் தரச் சொல். ஜீஸீடூம் வேண்டாம், அது உன்னை அடையாளம் கண்டுகொள்ளாது. வாட் ஃபைலை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வை, உள் ஃபோல்டரில் இல்லை. அந்த 41 விநாடி வரும்போது ஓடவிடாதே, அப்படியே உட்கார்ந்து பார்.

நாத்தனார் வந்துவிட்டாள், காலிங் பெல் கேட்கிறது. பீரோவைத் திறந்தே பார்க்க மாட்டாள், பார்.

உன்,
பூசணி