அடையும் நேரம்

பல்லடம் அருகே தோட்டத்திற்குக் குடிவந்ததும் எங்கள் சிறுவிடைக் கோழிகளுக்குப் புதுக் கூடு கட்டினோம். அவையோ அந்தியில் முருங்கை மரமேறின. காட்டுக்கோழியின் வழிவந்தவை, உயரம்தான் அவற்றுக்குக் காவல். மூன்றாம் இரவு, முட்டையிட்டுக்கொண்டிருந்த கருங்கோழியை வெருகு கொண்டுபோயிற்று.

பிறகுதான் கூட்டுக்குள் குனிந்து பார்த்தோம். நிற்கத் தரை இருந்தது, பற்றிக்கொள்ளக் கழி இல்லை. குறுக்கே வேலங்கழி கட்டினோம். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. ஒவ்வொன்றாக இறக்கிக் கழிமேல் வைத்தோம்; நான்கு நாள் வெளியே விடாமல் உள்ளேயே தீனி போட்டோம். (சாலைக்கு அப்பால் கறிக்கோழிப் பண்ணையில் விடியவிடிய விளக்கெரிகிறது. அங்கே அந்தி ஏது?)

ஐந்தாம் நாள் திறந்துவிட்டோம். பொழுது சாய்ந்ததும் பெட்டைகள் தாமாகவே வந்து அடைந்தன. சேவலை மட்டும் இன்றும் மரத்திலிருந்து இறக்கித்தான் கொண்டுவருகிறோம்.