ரோஸ் மெழுகுவத்தி

ஆவடி லோக்கலைப் பிடித்து, பட்டரவாக்கம் தாண்டி அம்பத்தூரில் இறங்குங்கள். (ஜன்னல் சீட்டா? ஆசைப்படாதீர்கள்!) டிசம்பர் என்றால் வாசல் கோலத்துக்குப் போட்டியாக மேலே காகித நட்சத்திரங்கள் தொங்கும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய 4 ஞாயிறுகளில் தொடங்கி வளர்வது திருவருகைக் காலம். வாரத்துக்கு ஒரு மெழுகுவத்தி. மூன்று ஊதா, ஒன்று ரோஸ். ஊதா தவத்துக்கு. மூன்றாம் ஞாயிறு ஏற்றும் ரோஸ் மகிழ்ச்சிக்கு.

2023-ல் முதல் ஞாயிறு டிசம்பர் 3. அன்றிரவே மிக்ஜாம் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது.

டிசம்பர் 17, ரோஸ் ஞாயிறு. கேரல் ரவுண்ட்ஸுக்கு ஆபீஸ் நண்பர் அழைத்தார்.

"எனக்குப் பாட வராதே சார்!"

"உண்டியலைப் பிடிங்க, போதும்."

வசூல், வெள்ள நிவாரணத்துக்கு. ஒரு சந்தில், இடுப்பளவு தண்ணீர்க் கறையோடு ஒரு வீடு. லேத் பட்டறைத் தொழிலாளியுடையது. இரண்டு வாரமாக வேலையில்லை. "இங்க வேணாம், நகருங்க" என்று கிசுகிசுத்தேன்.

கதவு திறந்தது. "எங்க வீட்டை மட்டும் ஏன் தம்பி தாண்டிப் போறீங்க? கஷ்டப்பட்ட வீட்ல பாடக் கூடாதா?" என்றார் ஓர் அம்மா.

பாடினோம். உண்டியலில் 20 ரூபாய் போட்டார். "வேற யாருக்காவது ஆகும்ப்பா."

"வேணாம்மா" என்று நான் வாயெடுக்க, நண்பர் என் காலை நறுக்கென்று மிதித்தார்.

தெருமுனையில் சொன்னார்: "கொடுக்கிற சந்தோஷம் என்ன, நமக்கு மட்டும் பட்டா போட்டதா சார்?"

கால் இரண்டு நாள் வலித்தது. வலிக்கட்டுமே!