தம்பியின் சிப்பாய்கள்

நான் யுத்தம் செய்தவள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பாதகமில்லை. மாமியார் - மருமகள் யுத்தத்தைச் சொல்லவில்லை நான். சாட்சாத் இரண்டாவது உலக மகா யுத்தம்! ஹாலந்து தேசத்தில் ஆர்ன்ஹெம் என்ற ஊரிலிருக்கும் ஒரு பாலத்துக்காக, 1998-ஆம் வருஷத்துக் கோடையில், மாம்பலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடி நானும் தம்பியும் எத்தனையோ தரம் சண்டை போட்டிருக்கிறோம். எத்தனையோ தரம் தோற்றும் இருக்கிறோம்.

தம்பி அப்போது இஞ்சினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். அவன் படிப்புக்கென்று அப்பா கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். அதற்குள் படிப்பு நுழைவதற்கு முன்னால் ‘க்ளோஸ் காம்பட்’ என்ற விளையாட்டு நுழைந்துவிட்டது. 1997-ல் வந்த அதன் இரண்டாம் பாகம். ‘எ பிரிட்ஜ் டூ ஃபார்’ என்று பெயர். (‘காந்தி’ படம் எடுத்தாரே அட்டன்பரோ, அவர் இதே பெயரில், இதே சண்டையை வைத்து 1977-ல் ஒரு படம் எடுத்திருக்கிறார்.)

கதை நிஜமாக நடந்தது. 1944 செப்டம்பர் 17-ஆம் தேதி நேச நாட்டுத் துருப்புகள் பாராசூட்டில் குதித்து வரிசையாகப் பாலங்களைப் பிடிப்பது, பின்னாலேயே டாங்கிப் படை வந்து சேர்ந்துகொள்வது என்று ஏற்பாடு. கடைசிப் பாலம் ஆர்ன்ஹெம். அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் ஜான் ஃப்ராஸ்ட் என்ற அதிகாரியின் தலைமையில் சுமார் 740 பேர்தான். மூன்று நாளுக்கு மேல் பாலத்தின் வடகோடியில் தாக்குப் பிடித்தார்கள். டாங்கிகள் வரவே இல்லை.

ஆபீஸிலிருந்து வந்ததும் காப்பி டம்ளருடன் நான் தம்பியின் பக்கத்தில் உட்காருவேன். மௌஸ் அவன் கையில். யோசனை என் வாயில். காலாட்படைத் தந்திரமெல்லாம் அப்படிக் கற்றதுதான். பெரிய வித்தை ஒன்றுமில்லை, கேளுங்கள். பிரிட்டிஷ் படையில் ஒரு சிறு குழுவுக்குப் பத்துப் பேர். அதில் மூன்று பேர் ‘ப்ரென்’ என்ற யந்திரத் துப்பாக்கியுடன் ஓரிடத்தில் படுத்துக்கொண்டு, எதிரி தலை தூக்க முடியாதபடி சுட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சமயத்தில் மற்ற ஏழு பேர் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போவார்கள். மார்க்கெட்டில் அம்மா கடைக்காரரிடம் விடாமல் பேரம் பேசிக்கொண்டிருக்க, நான் பக்கத்திலே குனிந்து நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கிவிடுவேனே, அதே தந்திரம்தான்! ஆனால் ஜெர்மானியரின் யந்திரத் துப்பாக்கி நிமிஷத்துக்கு 1200 குண்டு வீதம் சுடக்கூடியது. அதன் எதிரே வெட்டவெளியில் ஓடுகிறவன் பிழைக்க மாட்டான். நடுவே புகைக் குண்டு போட்டு மறைத்துவிட்டு அப்புறம்தான் தெருவைத் தாண்ட வேண்டும்.

இதெல்லாம் சதுரங்கம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். இல்லை. சதுரங்கத்தில் சிப்பாய்க்குப் பயம் கிடையாது. இந்த விளையாட்டில் ஒவ்வொருவனுக்கும் பெயர் உண்டு, பயமும் உண்டு. மேலிருந்து பார்த்தால் எறும்பு அளவுதான் இருப்பான். ‘ஓடு’ என்று கட்டளை கொடுத்தால் நாலடி ஓடுவான். பக்கத்தில் ஒருவன் விழுந்தால் அப்படியே தரையோடு ஒட்டிக்கொள்வான். இன்னும் பயந்தால், நம்மைக் கேட்காமலே பின்னால் ஊர்ந்து போய்விடுவான். 1977-ல் வந்த ‘ஸ்க்வாட் லீடர்’ என்ற அட்டைப் பலகை விளையாட்டிலும் இதே விஷயம் உண்டு. தைரியம் குலைந்த குழு ஒரு மறைவிடத்துக்குப் போய்விடும். தலைவன் பக்கத்தில் வந்து தேற்றினால்தான் மறுபடி எழுந்திருக்கும்.

அந்த ஜூன் மாதம் பரீட்சை முடிவு வந்தது. தம்பிக்கு மூன்று பேப்பர் அரியர்.

அப்பா கோபக்காரர் அல்ல. ஆனால் கடன் வாங்கியவர். தினமும் காலையில் ஆறு மணிக்கே, “எழுந்திரு! புஸ்தகத்தை எடு! உட்கார்ந்து படி!” என்று ஆரம்பித்துவிடுவார். தம்பி சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பான். அப்பா இன்னும் உரக்கச் சொல்லுவார். அவன் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொள்வான். நான் மட்டும் என்ன யோக்கியம்? “இப்படிப் படுத்துக் கிடக்க வெட்கமாக இல்லையா?” என்று நானும் கேட்டேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

ஒரு ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து வந்தேன். கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். ஒரு சிப்பாய் தெருவோரச் சுவரின் அடியில் ஒடுங்கிக் கிடந்தான். “மறுபடி ‘ஓடு’ கொடேன்” என்றேன். தம்பி திரும்பாமலே சொன்னான்: “பிரயோஜனமில்லை அக்கா. அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவன் காதிலேயே விழவில்லை. சுடுகிறது கொஞ்சம் நிற்கணும், அப்புறம் பார்க்கலாம்.”

நான் பதில் பேசவில்லை. மறுநாள் அம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன். கும்பகோணத்தில் பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம், பார்க்க ஆசைப்படுகிறாராம், அப்படியே நவக்கிரக ஸ்தலங்களையும் தரிசித்துவிட்டு வாருங்கள் என்று. பெரியப்பா கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். அவருக்கும் போன் செய்து, “கொஞ்சம் இருமுங்கள்” என்று சொல்லிவைத்தேன். அப்பாவும் அம்மாவும் பத்து நாள் போய்வந்தார்கள்.

அந்தப் பத்து நாளும் வீட்டில் பரீட்சை என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை. வற்றல் குழம்பு வைத்தேன். ஆர்ன்ஹெமில் இரண்டு தரம் தோற்றோம். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, குளித்துவிட்டு வந்து அவனாகவே கணக்குப் புஸ்தகத்தைத் தேடினான். அதன்மேல் நான் வாங்கிவைத்த வெங்காயம் இருந்தது. நவம்பரில் மூன்றில் இரண்டு தேறினான். மிச்சம் ஒன்று அடுத்த வருஷம்.

தம்பி இப்போது புனாவில் இருக்கிறான். தலை நரைத்துவிட்டது. அந்த வட்டு என்றோ கீறிப் போயிற்று. விளையாட்டை மறுபடி விற்கிறார்கள் என்று கண்டுபிடித்து, போன பொங்கலுக்கு லாப்டாப்பில் போட்டுக்கொண்டு வந்தான். உலகத்தில் எங்கெங்கேயோ நரைத்த தலைகள் இன்னும் இதை விளையாடுகின்றனவாம். புகையை முதலில் போடுவதா, சுற்றி வளைப்பதா என்று இன்னும் வாதாடுகிறார்களாம். எனக்கு ஆச்சரியமில்லை. அவர்கள் தேடுவது ஹாலந்தையா? அந்த வயசையும், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆளையும் அல்லவா தேடுகிறார்கள்!

ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ஆர்ன்ஹெம் பக்கம் இறங்கியவர்கள் சுமார் பதினாயிரம் பேர். ஆற்றைத் தாண்டித் திரும்பியவர்கள் ஏறக்குறைய 2,400 பேர்தான் என்று பிற்பாடு படித்தேன். அன்றிலிருந்து திரையில் ஒரு சிப்பாய் விழுந்தால் அவன் பெயரை ஒருதரம் வாசித்துவிட்டுத்தான் மேலே போகிறேன். அதனால் அவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தாலும்.

பொங்கலன்று சாயங்காலம் பாலத்தருகே வழக்கம்போல மாட்டிக்கொண்டோம். ஒருவன் சுவரடியில் ஒடுங்கிவிட்டான். “கொஞ்ச நேரம் இருக்கட்டும் அக்கா” என்று தம்பி மௌஸை விட்டுவிட்டு முறுக்கை எடுத்தான்.

சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்த அப்பா கேட்டார். அவருக்கு எண்பத்து மூன்று வயசு. “என்னடா இது? என்னைக் கும்பகோணத்துக்கு விரட்டிவிட்டு ரெண்டு பேரும் ஆடினீர்களே, அதே ஆட்டமா?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“உங்களுக்குத் தெரியுமா அப்பா?”

“உன் பெரியப்பாவுக்கு இருமக்கூட வராது” என்றார் அப்பா.