கேபிளை வெட்டிய கதை

தொலைக்காட்சியைத் "தொல்லைக்காட்சி" என்று சொல்லிச் சிரிப்பது ரொம்பப் பழைய நகைச்சுவை. எங்கள் வீட்டில் அதை அதிகம் சொன்னவன் நான்தான். 2025 மே விடுமுறையில் ஊருக்குப் போனபோது, "இந்தக் கேபிளை எடுத்துவிடலாமே" என்று முதலில் வாயைத் திறந்தவனும் நான்தான். எடுத்தோம். ஏழு மாதம் கேபிள் இல்லாமல் இருந்தோம். அந்த ஏழு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. மாலையில் அம்மாவும் கடைக்குப் போய்விடுவார். இரவு ஒன்பதரை வரை வீட்டில் ஆச்சி மட்டும்தான். நான் படிப்பது கோயம்புத்தூரில், விடுதியில் தங்கி. விடுதியில் யாரும் டிவி பார்ப்பதில்லை. எல்லாம் கைப்பேசியும் மடிக்கணினியும்தான். அப்படிப் பழகிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், ஐந்து நிமிட நாடகத்துக்கு ஐந்து நிமிட விளம்பரம் வருவதைப் பார்த்து எரிச்சலாக இருக்கும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. சன் டிவி வந்தது 1993 ஏப்ரலில். அதற்குப் பிறகுதான் மொட்டைமாடி ஆன்டெனாக்கள் துருப்பிடிக்க ஆரம்பித்தன. தெருவுக்குத் தெரு கருப்பு ஒயர் ஓடியது. 2006 தேர்தலுக்குப் பின் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. எங்கள் வீட்டுக்கு வந்த 14 அங்குலப் பெட்டி இன்னும் பரண்மேல் இருக்கிறது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. ஆச்சிக்கு இன்றைக்கும் கேபிள் என்றால் எழுபது ரூபாய்தான். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் ஏமாந்து கொடுப்பது!

ஆச்சியின் கணக்கைக் குலைத்தது 2019 பிப்ரவரி. டிராய் கொண்டுவந்த புதிய விதிகள் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தன. இணைப்புக்கு மட்டும் 130 ரூபாய், அதற்கு 18 சதவீத வரி, ஆக 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனிக் காசு. பார்க்கிற சேனலுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்பது நோக்கம். ஆனால் எந்தச் சேனல் எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான வீடுகளில் கேபிள்காரர் போட்டுக் கொடுத்ததையே பார்த்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 2025இல் நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது மாதம் 230 ரூபாய்.

என் வாதத்துக்கு வருகிறேன். எல்லா நாடகங்களும் இப்போது செயலிகளில் இருக்கின்றன. சன் குழுமத்துக்கு சன் நெக்ஸ்ட், ஜீ தமிழுக்கு ஜீ5, விஜய் டிவிக்கு ஹாட்ஸ்டார் (2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவோடு சேர்ந்து அது ஜியோஹாட்ஸ்டார் ஆனது). அப்படியிருக்க கேபிளுக்கு ஏன் 230 ரூபாய்? அப்பாவிடம் இதைச் சொன்னபோது நான் ஒரு பெரிய பொருளாதார நிபுணரைப்போல உணர்ந்தேன்.

நாடு முழுக்கவும் இந்தப் பக்கம்தான் காற்று அடிக்கிறது. டிராய் கணக்குப்படி, 2020இல் ஏழு கோடியைத் தொட்டிருந்த டிடிஎச் சந்தாதாரர் எண்ணிக்கை 2025இல் ஆறு கோடிக்குக் கீழே வந்துவிட்டது.

வேறு வழிகளையும் பார்த்தேன். மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் இருந்து இருக்கிறது. டிஷ்ஷும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். இதில் ஒரு சுவாரசியமும் உண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, முக்கியமான விளையாட்டுப் போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்தப் படம் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும்தான் வரலாம், கேபிளில் வரக்கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலவச டிஷ்ஷில் தெரிகிற இந்திய அணியின் ஆட்டம், காசு கட்டும் கேபிளின் தூர்தர்ஷனில் தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஃப்ரீ டிஷ்ஷில் இந்திச் சேனல்கள்தான் அதிகம். டிடி தமிழ் (முன்பு பொதிகை) உண்டு, ஆச்சியின் நாடகங்கள் இல்லை. எனவே அது கழிந்தது.

கைப்பேசி டேட்டாவை வைத்தே ஓட்டலாமா? சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் பார்க்க ஏறக்குறைய ஒரு ஜிபி போகும். எச்டி என்றால் மூன்று ஜிபி வரை போகும். நாளுக்கு ஒன்றரை ஜிபி திட்டத்தில் ஆச்சியின் மூன்று மணி நேரத்தை அடக்க முடியாது. ஆகவே ஃபைபர் இணைப்பு எடுத்தோம். 399 ரூபாய், வரியோடு 471. செயலிகளின் ஆண்டுச் சந்தாவை மாதத்துக்கு வகுத்தால் 150 வந்தது. கூட்டினால் 621. "230க்கு 621 மிச்சமாடா?" என்று அப்பா கேட்டார். "இன்டர்நெட் எப்படியும் வேணும்பா, அதைக் கணக்குல சேர்க்கக்கூடாது" என்றேன். எனக்கு வேண்டும் என்பது சரி. நான் வருடத்தில் இரண்டு மாதம்தான் அந்த வீட்டில் இருப்பேன் என்பதை அப்பாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

டிவியில் ஒரு ஸ்டிக்கைச் செருகினேன். ஆச்சிக்கு ரிமோட்டில் இருக்கும் பொத்தான்களைச் சொல்லிக் கொடுத்தேன். நாடகத்தின் படம் வந்தால் நடுப் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏய்யா, எட்டு மணி நாடகம் எத்தனையாம் நம்பர்ல வரும்?"

"நம்பரெல்லாம் கிடையாது ஆச்சி. எப்ப வேணாலும் பாக்கலாம்."

"எப்ப வேணாலும்னா எப்ப?"

அந்தக் கேள்விக்கு நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

முதல் சிக்கல் ஐபிஎல் சமயத்திலேயே வந்தது. (அந்த வருடம் சென்னை கடைசி இடம். அதைப் பற்றி எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.) பக்கத்து வீட்டில் கேபிள். அங்கே "ஓ!" என்று சத்தம் கேட்டு அரை நிமிடம் கழித்துத்தான் எங்கள் டிவியில் பந்து வீசுவார்கள். கேபிளில் ஒரே அலை எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போகிறது. இணையத்தில் படத்தைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று துண்டுகள் கையிருப்பில் சேர்ந்த பிறகே ஓடத் தொடங்கும். தடங்கல் வராமல் இருக்க அந்தக் கையிருப்பு வேண்டும். அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் அந்த அரை நிமிடம். இது எனக்கு ஒரு வேடிக்கையாகத்தான் தெரிந்தது.

ஜூனில் கல்லூரிக்குத் திரும்பிவிட்டேன். வாரம் ஒருமுறை போனில் "டிவி ஓடுதா ஆச்சி?" என்று கேட்பேன். "ஓடுதுய்யா" என்பார். ஆகஸ்டில் அம்மா ஒரு விஷயம் சொன்னார். ஆச்சியின் பிரஷர் மாத்திரை அட்டையில் மாத்திரைகள் மீந்திருந்தனவாம். மாதக் கடைசியில் தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் ஒன்பது மாத்திரை பாக்கி. டாக்டரிடம் போனபோது அழுத்தமும் ஏறித்தான் இருந்தது.

விசாரித்தபோதுதான் புரிந்தது. ஆச்சிக்குக் கடிகாரம் பார்க்கிற பழக்கம் இல்லை. ஏழரை மணி நாடகம் முடிந்ததும் சாப்பாடு, எட்டு மணி நாடகத்தின் பாட்டு வரும்போது மாத்திரை. இது பல வருடப் பழக்கம். செயலியில் ஒரு பகுதி முடிந்தால் அதே நாடகத்தின் அடுத்த பகுதி தானாக ஓடுகிறது. எட்டு மணிப் பாட்டு எட்டு மணிக்கு வருவதில்லை. சில நாள் ஆறரைக்கே வருகிறது, சில நாள் வருவதே இல்லை. மாத்திரையும் அதோடு போய்விட்டது. நான் கேபிளை மட்டும் எடுத்ததாக நினைத்திருந்தேன். ஆச்சியின் கடிகாரத்தையும் சேர்த்துக் கழற்றிவிட்டிருந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. சில செயலிகளில் அன்றைய பகுதி டிவிக்கு வரும் முன்பே வந்துவிடும். எதிர்வீட்டு அத்தையோடு திண்ணையில் உட்கார்ந்து நாடகம் பேசுவது ஆச்சியின் வழக்கம். ஆச்சி ஒருநாள் முன்னால் போய்விட்டார், அல்லது இரண்டு நாள் பின்னால். "நீங்க சொல்லாதீங்க பெரியம்மா, நாங்க இன்னும் பாக்கல" என்று அந்த அத்தை எழுந்து போய்விடுவாராம். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் திண்ணைப் பேச்சு குறைந்துவிட்டது என்று அம்மா சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

நவம்பரில் செமஸ்டர் தேர்வு. பணம் கட்டியது நான் என்பதால் எல்லாச் செயலியும் என் கைப்பேசி எண்ணில்தான் இருந்தன. ஒருநாள் ஒரு செயலி தானாக வெளியேறி, மறுபடி நுழைய ஓடிபி கேட்டிருக்கிறது. ஓடிபி வந்தது என் போனுக்கு. போன் தேர்வு அறைக்கு வெளியே பைக்குள், அணைத்து வைத்தபடி. அன்று மாலையும் நண்பர்களோடு அடுத்த தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்துவிட்டேன். இரவு பதினொன்றுக்குத்தான் அம்மாவின் தவறிய அழைப்புகளைப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல, ஆச்சி சும்மாதான் உக்காந்திருந்தாக, நீ படி" என்றார் அம்மா. சும்மா என்றால், ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை, எண்ணைக் கேட்டு நிற்கும் ஒரு திரைக்கு முன்னால்.

டிசம்பரில் ஊருக்குப் போன மறுநாள் கேபிள்கார அண்ணாச்சிக்கு போன் செய்தேன். அன்று சாயங்காலமே வந்தார். பழைய பெட்டி அலமாரியில்தான் இருந்தது. மே மாதம் இணைப்பை நிறுத்தியபோது அதைக் கொண்டுபோகச் சொன்னதற்கு, "இருக்கட்டும் தம்பி, ஆச்சி கேப்பாக" என்று விட்டுப் போயிருந்தார். அப்போது அது வியாபாரத் தந்திரம் என்று நினைத்தேன். ஒயரைச் சொருகி, யாருக்கோ போன் செய்து பெட்டி எண்ணைச் சொன்னார். கால் மணி நேரத்தில் படம் வந்தது. ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டார், காசு வாங்கவில்லை.

ஆச்சி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து, மகள் கல்யாணம் முடிந்ததா என்று விசாரித்தார். முன்பெல்லாம் மாதாமாதம் பணம் வாங்க வரும்போது இது நடக்கும். ஏழு மாதமாக நடக்கவில்லை. செயலிகளுக்கு என் கணக்கிலிருந்து பணம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்காக யாரும் வீட்டுப் படியேறவில்லை.

"எங்க ஏரியாவுல பாதி லைன் போயிட்டு தம்பி. சின்னப் பிள்ளைக இருக்க வீட்டுல கட் பண்ணிருதாங்க. வயசானவுக இருக்க வீடுதான் மிச்சம்" என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் இதே ஒயரை இழுத்துக்கொண்டு ஏணி ஏறியதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இன்னும் பத்து வருடம் இந்தத் தொழில் இருக்குமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேபிளை விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என்னைப்போல் தனியாக இருக்கும் மாணவனுக்கு அது தேவையே இல்லை. எனக்கு வேண்டிய படங்கள், பழைய ஆவணப்படங்கள், பாடங்கள் எல்லாம் இணையத்தில்தான் இருக்கின்றன. 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷனின் பழைய தொடர்கள்கூடக் கிடைக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டில் கேபிளை எடுக்கும் முன் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் அதிக நேரம் டிவி பார்ப்பது யார்? ஓடிபி யார் கைக்கு வரும், அவர் எந்த ஊரில் இருக்கிறார்? இணையக் கட்டணத்தைக் கணக்கில் சேர்த்தீர்களா? நான்காவது கேள்வி ஆச்சி கேட்டது: எப்ப வேணாலும்னா எப்ப?

இப்போது எங்கள் வீட்டில் மறுபடியும் கேபிள். ஃபைபரை நிறுத்திவிட்டோம். மாத்திரை அட்டை மாதக் கடைசியில் சரியாகத் தீர்கிறது. விடுமுறையில் போனால் நானும் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து எட்டு மணி நாடகம் பார்க்கிறேன். ஐந்து நிமிட விளம்பரத்தில் ஆச்சி எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வருவார், மாத்திரையைப் பிரிப்பார், அப்படியே எனக்கு இரண்டு முறுக்கும் வரும்.

விளம்பர இடைவேளைக்கும் ஒரு பயன் இருக்கத்தான் செய்கிறது.